பழைய காரோடு நாகர்கோவிலுக்குக் குடிவருகிறீர்களா? முதலில் ஒரு நோட்டு வாங்குங்கள்

கோயம்புத்தூரில் இருந்து நாகர்கோவிலுக்கு வீடு மாறியபோது கட்டில், பீரோ, பாத்திரம் எல்லாம் ஒரே நாளில் லாரியில் ஏறிவிட்டது. 1986 மாடல் பிரீமியர் பத்மினியைக் கொண்டுவந்து சேர்க்கத்தான் மூன்று மாசம் ஆனது. அந்த மூன்று மாசத்திலும் அதற்குப் பிறகு இங்கே இருந்த வருஷங்களிலும் கற்றுக்கொண்டதை, இதேபோல பழைய வண்டியோடு கன்னியாகுமரி மாவட்டத்துக்கு வருகிறவர்களுக்காக எழுதுகிறேன். அம்பாசடர், பத்மினி, ஸ்டாண்டர்ட் ஹெரால்ட், கான்டெஸ்ஸா, பழைய ஜீப் எதுவாக இருந்தாலும் பெரும்பாலும் பொருந்தும்.

புதுக் காருக்கு ஊர் மாறினால் சர்வீஸ் சென்டர் மாறும், அவ்வளவுதான். பழைய காருக்கு அப்படி இல்லை. வண்டியைப் பற்றிய பாதி விஷயம் உங்கள் மெக்கானிக்கின் தலைக்குள் இருக்கிறது, அவர் உங்களோடு வரப்போவதில்லை. என் வண்டியை 11 வருஷம் ஒரே ஆள்தான் பார்த்தார். கியர் லிவர் இரண்டாவதில் சிக்கினால் எங்கே தட்ட வேண்டும், கார்புரேட்டர் மழைக்காலத்தில் எவ்வளவு திருப்ப வேண்டும், ஃபேன் பெல்ட்டுக்குக் கிடைக்காமல் எந்த வேனுடையதைப் போட்டோம், பின் பிரேக் சிலிண்டரில் எந்தக் கப் மாட்டியிருக்கிறது, எல்லாம் அவருக்குத்தான் தெரியும். எனக்கு ஓட்ட மட்டும்தான் தெரியும் என்பது ஊர் மாறப்போகிறோம் என்ற பிறகுதான் உறைத்தது.

அதனால் கிளம்புவதற்கு ஒரு மாசம் முன்னாலேயே ஒரு தடித்த நோட்டு வாங்கி, ஒரு நாள் முழுக்க அவருடைய பட்டறையில் உட்காருங்கள். அவருக்கு அந்த நாள் கூலியைக் கொடுத்துவிடுங்கள், அது நியாயம். முன் சக்கரத்தில் தொடங்கி டிக்கி வரைக்கும் கேட்டுக்கேட்டு எழுதுங்கள். பேரிங் நம்பர், ஆயில் சீல் அளவு, ஃபேன் பெல்ட் நம்பர், ஸ்பார்க் பிளக் எந்த வகை, டிஸ்ட்ரிபியூட்டர் பாயிண்ட் இடைவெளி எவ்வளவு, டேப்பட் (வால்வ்) இடைவெளி எவ்வளவு, அதைச் சூட்டில் வைத்தாரா குளிர்ந்த பிறகா, கார்புரேட்டர் ஒரிஜினலா மாற்றியதா, ஜெட் என்ன சைஸ், வயரிங்கில் எந்த நிறம் எங்கே போகிறது, எதையெல்லாம் வேறு வண்டியில் இருந்து எடுத்து வெட்டிச் சேர்த்திருக்கிறோம். கடைசியாகச் சொன்னதுதான் மிக முக்கியம். 35 வருஷம் ஓடிய வண்டியில் எந்தப் பாகமும் புத்தகத்தில் இருக்கிற மாதிரி இருக்காது. புது மெக்கானிக் புத்தகத்தைப் பார்த்துப் பொருள் வாங்கி வந்தால் மாட்டாது, மாட்டினாலும் நிற்காது.

போனில் வீடியோவும் எடுங்கள். காலையில் முதல் ஸ்டார்ட் எப்படி இருக்கிறது, சூடான பிறகு ஐடிலிங் சத்தம் எப்படி இருக்கிறது, மூன்றாவது கியரில் பின்னால் இருந்து என்ன சத்தம் வருகிறது. ஆறு மாசம் கழித்து "இந்தச் சத்தம் முன்னாடியே இருந்ததா, புதுசா?" என்று இன்னொருவர் கேட்கும்போது அந்த வீடியோ பேசும். எனக்குப் பேசியது.

அடுத்தது பேப்பர். இது சலிப்பான வேலைதான், ஆனால் பழைய ஊரில் இருக்கும்போதே முடிக்க வேண்டிய வேலை. உங்கள் ஆர்சி (பதிவுச் சான்றிதழ்) பழைய கையெழுத்துப் புத்தகமாக இருந்தால், அந்த விவரம் கம்ப்யூட்டரில் ஏறியிருக்கிறதா என்று மத்திய அரசின் பரிவாகன் இணையதளத்தில் நம்பரைப் போட்டுப் பாருங்கள். ஏறவில்லை என்றால் வண்டி பதிவான ஆர்டிஓ அலுவலகத்திலேயே பழைய ரெஜிஸ்டரைப் பார்த்து ஏற்றச் சொல்லுங்கள். இங்கே வந்த பிறகு அதற்காக 400 கிலோமீட்டர் திரும்பிப் போவது வீண் அலைச்சல். எஞ்சின் நம்பர், சேஸிஸ் நம்பர் இரண்டையும் பென்சில் தேய்த்துப் பிரிண்ட் எடுத்து ஆர்சியோடு ஒத்துப் பாருங்கள். ஒரு காலத்தில் பெட்ரோல் எஞ்சினைக் கழற்றி டீசல் எஞ்சின் வைத்த அம்பாசடரும் பத்மினியும் ஏராளம். அந்த மாற்றம் ஆர்சியில் ஏறியிருக்க வேண்டும். இல்லையென்றால் எஃப்சிக்கு (தகுதிச் சான்றிதழுக்கு) போகும்போது மாட்டிக்கொள்வீர்கள்.

தமிழ்நாட்டுக்குள்ளேயே வருகிறீர்கள் என்றால் நம்பர் மாறாது. முகவரி மாற்றத்துக்குப் படிவம் 33, அதை 30 நாளைக்குள் தெரிவிக்க வேண்டும். வேறு மாநிலத்தில் இருந்து என்றால் அங்கிருந்து படிவம் 28இல் என்ஓசி (ஆட்சேபம் இல்லை என்ற சான்று) வாங்கி வர வேண்டும், 12 மாசத்துக்கு மேல் இங்கே வைத்திருந்தால் புது நம்பர் எடுத்தே ஆக வேண்டும், அதற்குப் படிவம் 27. திருவனந்தபுரத்தில் இருந்து வண்டி வாங்கி களியக்காவிளை தாண்டிக் கொண்டுவருகிறவர்கள் இதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே போவதைப் பார்த்திருக்கிறேன், செக் போஸ்ட் தாண்டினாலே வேறு மாநிலம் என்பது அடிக்கடி போய்வருகிறவர்களுக்கு மறந்துவிடுகிறது. இந்த மாவட்டத்தில் நாகர்கோவில் டிஎன் 74, மார்த்தாண்டம் டிஎன் 75. நீங்கள் எந்தப் பக்கம் வீடு எடுக்கிறீர்களோ அதைப் பொறுத்து அலுவலகம் மாறும்.

சொந்த உபயோகக் காருக்கு ஆர்சி 15 வருஷம், அதற்குப் பிறகு ஐந்தைந்து வருஷமாகப் புதுப்பிக்க வேண்டும். அந்தப் புதுப்பிப்புக் கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயில் இருந்து 5,000 ஆனது. 20 வருஷம் தாண்டிய கார்களுக்கு 2025 ஆகஸ்டில் அதுவும் 10,000 ஆகிவிட்டது. ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவைதான் என்றாலும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். 50 வருஷம் தாண்டிய வண்டி வைத்திருப்பவர்கள் 2021இல் வந்த வின்டேஜ் விதியை யோசிக்கலாம்: சேஸிஸ், பாடி, எஞ்சின் ஒரிஜினலாக இருக்க வேண்டும், புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், 10 வருஷம் செல்லும், நம்பரில் 'விஏ' என்ற எழுத்து வரும். ஆனால் அப்படிப் பதிந்த வண்டியைத் தினசரி ஓட்ட முடியாது. கண்காட்சி, ராலி, பெட்ரோல் போட, ரிப்பேருக்கு என்று மட்டும்தான். ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு திற்பரப்பு அருவிக்குப் போகணும் என்று நினைக்கிறவர்களுக்கு அது சரிப்படாது. சாதாரண ஆர்சியையே புதுப்பித்துக்கொண்டு போங்கள்.

இன்சூரன்ஸில் ஒரு விஷயம். ஐந்து வருஷம் தாண்டிய வண்டிக்கும், உற்பத்தி நின்றுபோன மாடலுக்கும் மதிப்பை நீங்களும் கம்பெனியும் பேசித்தான் முடிவு செய்ய வேண்டும். கம்ப்யூட்டர் காட்டுகிற சொற்பத் தொகையை அப்படியே ஏற்றுக்கொள்ளாதீர்கள். வண்டியின் போட்டோ, செய்த வேலைகளின் பில் எல்லாவற்றையும் கொண்டுபோய் உட்கார்ந்து பேசுங்கள்.

சரி, வண்டியை எப்படிக் கொண்டுவருவது? ஓட்டியா, லாரியிலா?

நான் முதலில் லாரியைத்தான் நம்பினேன். அது தப்பாகப் போனது. ஏற்றியவர்கள் பம்பரில் கயிறு போட்டு இறுக்கியிருந்தார்கள். ஊரைத் தாண்டுவதற்குள்ளேயே பம்பர் பிராக்கெட் வளைந்துவிட்டது, நல்ல வேளையாக வழியில் கவனித்து இறக்கிவிட்டோம். கட்டுவதென்றால் சக்கரத்தைத்தான் கட்ட வேண்டும், சக்கரத்தைச் சுற்றிப் பட்டை போட்டு லாரித் தளத்தோடு இறுக்க வேண்டும், சஸ்பென்ஷன் அதன்பாட்டுக்கு ஏறி இறங்க இடம் இருக்க வேண்டும். பாட்டரி வயரைக் கழற்றிவிடுங்கள், டேங்கில் கொஞ்சமாக மட்டும் பெட்ரோல் விடுங்கள், நாலு பக்கமும் அடியிலும் போட்டோ எடுங்கள். ஏற்றும்போது நீங்கள் பக்கத்தில் நிற்பதுதான் எல்லாவற்றையும்விட முக்கியம். "போய்ட்டு வாங்க சார், நாங்க பாத்துக்கறோம்" என்றால் போகாதீர்கள்.

இரண்டாவது முறை நானே ஓட்டி வந்தேன். ரேடியேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்து, எல்லா ஹோஸும் புதிதாக மாற்றி, பாயிண்ட், கண்டென்சர், ஃபேன் பெல்ட், பெட்ரோல் பம்ப் டயாபிரம் தலா ஒன்று ஸ்பேர் வைத்துக்கொண்டு, விடிகாலை மூன்றரைக்குக் கிளம்பி, திண்டுக்கல், மதுரை, கோவில்பட்டி, திருநெல்வேலி என்று நிறுத்தி நிறுத்தி 60ஐத் தாண்டாமல் வந்தேன். ஒன்றுமே ஆகவில்லை. காவல்கிணறு விலக்கில் வலது பக்கம் திரும்பி ஆரல்வாய்மொழி வழியாக உள்ளே வரும்போது மட்டும் கவனம். முப்பந்தல் காற்றாலைகளை அங்கே சும்மா வைக்கவில்லை. மே முதல் செப்டம்பர் வரை கணவாய் வழியாக வருகிற காற்று 900 கிலோகூட இல்லாத பத்மினியைப் பக்கவாட்டில் தள்ளும், ஸ்டீயரிங் லூசாக ஆடுகிற வண்டி என்றால் கைகள் வலிக்கும். அங்கே வண்டியை நிறுத்தினால் கதவைக் கையால் பிடித்துக்கொண்டே திறவுங்கள், விட்டால் காற்று பிடுங்கிக் கீலை வளைத்துவிடும். ஊர் மாறும் தேதி உங்கள் கையில் இருந்தால் ஜனவரி, பிப்ரவரியில் வாருங்கள். மழையும் இல்லை, காற்றும் இல்லை.

இப்போது வீடு. இதைத்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், நான் அதிகம் நஷ்டப்பட்டது இதில்தான்.

கடற்கரைப் பக்கம் வீடு எடுக்கலாம் என்று ஆசை யாருக்கும் வரும். எங்களுக்கும் வந்தது. ராஜாக்கமங்கலம் பக்கம் ஒரு வீடு, வாசலில் தென்னை, மாடியில் நின்றால் கடல் சத்தம். எட்டு மாசத்தில் பம்பர் குரோமில் புள்ளி புள்ளியாக விழுந்தது, ஹெட்லைட் ரிங்குக்குள் துரு, கதவின் கீழ் ஓரத்தில் பெயிண்ட் கொப்பளம். கோயம்புத்தூரில் 11 வருஷத்தில் வராதது. இங்கே ஒரு ஆசான்தான் (மாவட்டத்தின் மேற்குப் பக்கம் நல்ல மெக்கானிக்கை, தொழில் கற்றுக்கொடுத்தவரை ஆசான் என்றுதான் கூப்பிடுவார்கள், நீங்களும் அப்படியே கூப்பிடுங்கள்) கதவோரத்தை நகத்தால் சுரண்டிவிட்டுச் சொன்னார்: "இது உப்புக் காத்தாக்கும் மக்ளே. பெயிண்டுக்க அடியில கேறிப்பிடும். தேய்ச்சாப் போவாது."

உப்பு ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். மழையே பெய்யாத நாளிலும் ராத்திரி காற்றில் இருக்கிற ஈரத்தை வாங்கித் தகரத்தின் மேல் நனைவாகவே வைத்திருக்கும். இதில் யாரும் எதிர்பார்க்காத ஒன்று இருக்கிறது: வெளியில் நிற்கிற வண்டியின் மேல்பாகத்தை மழையாவது கழுவிவிடும். ஷெட்டுக்குள் நிற்கிற வண்டியின் மேலும், எந்த வண்டிக்கும் அடியிலும், மட்கார்டுக்கு உள்ளேயும் படிந்த உப்பு அப்படியே கிடக்கும். ஷெட்டில் பத்திரமாகத்தானே இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன், அது உள்ளுக்குள் தின்றுகொண்டிருந்தது.

இந்த மாவட்டத்துக்கு ஏறத்தாழ 70 கிலோமீட்டர் கடற்கரை. மணக்குடி, முட்டம், கடியபட்டணம், குளச்சல், தேங்காப்பட்டணம் என்று போய்க்கொண்டே இருக்கும். அதை ஒட்டி வீடு எடுக்காதீர்கள். வடசேரி, கிருஷ்ணன்கோவில், வெட்டூர்ணிமடம், பார்வதிபுரம், சுங்கான்கடை என்று உள்ளே தள்ளிப் பாருங்கள். தக்கலை, பத்மநாபபுரம் பக்கமும் நல்லதுதான். இன்னும் வடக்கே குலசேகரம், அருமனை என்று போனால் உப்பு இல்லை, ஆனால் ரப்பர் தோட்டத்து ஈரம் இருக்கிறது, சீட்டிலும் ரூஃப் லைனிங்கிலும் பூசணம் பிடிக்கும். என்னைக் கேட்டால் பூசணத்தைத் துடைத்துவிடலாம், துருவைத் துடைக்க முடியாது, அதனால் மலைப்பக்கமே மேல். கிழக்கே தோவாளைப் பக்கம் மழை குறைவு, காற்றும் மண்ணும் அதிகம்.

வீட்டைப் பார்க்கப் போகும்போது டேப்பை எடுத்துக்கொண்டு போங்கள். அம்பாசடர் நீளம் 4.3 மீட்டர், அகலம் ஒன்றரை மீட்டருக்கு மேல். பத்மினி நாலு மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. கேட் அகலம் மட்டும் போதாது, தெருவில் இருந்து உள்ளே ஒடித்துத் திருப்ப இடம் வேண்டும். பவர் ஸ்டீயரிங் இல்லாத வண்டியை கோட்டாறு பக்கத்துச் சந்துகளில் தினமும் மூன்று தடவை முன்னும் பின்னும் ஒடித்தால் தோள்பட்டை போய்விடும். தரை சிமெண்டாக இருக்கட்டும். மண் தரையில் இருந்து ஈரம் ஏறிக்கொண்டே இருக்கும். ஷெட் மூன்று பக்கமும் அடைத்ததைவிட இரண்டு பக்கம் திறந்து காற்று ஓடுகிற மாதிரி இருப்பது நல்லது. பிளாஸ்டிக் கவர் போட்டு மூடவே மூடாதீர்கள், உள்ளே வியர்த்து வழியும்.

தென்னை மரத்தடியில் நிறுத்தக் கூடாது என்று இங்கே சின்னக் குழந்தைக்கும் தெரியும், வெளியூர்க்காரர்களுக்குத்தான் நிழல் கண்ணை இழுக்கிறது. தேங்காய்கூட வேண்டாம், காய்ந்த மட்டை ஒன்று விழுந்தாலே பானெட் போச்சு. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் வந்தபோது இந்த மாவட்டத்தில் விழுந்த மரங்களைப் பார்த்தவர்கள் யாரும் மரத்தடியில் வண்டி விடமாட்டார்கள்.

இரண்டு பருவமழையும் சேருகிற மாவட்டம் இது. ஜூனில் தொடங்குகிற மழை, பிறகு அக்டோபரில் இருந்து டிசம்பர் வரை இன்னொரு மழை. கோயம்புத்தூர், மதுரைக்காரர்களுக்கு இது புதிது. துருவுக்கு என்ன செய்ய வேண்டும் என்றால், ஜூனுக்கு முன்னால் ஒரு தடவை, செப்டம்பரில் ஒரு தடவை வண்டியை லிஃப்டில் ஏற்றி அடியைப் பாருங்கள். பத்மினியும் அம்பாசடரும் தனி சேஸிஸ் இல்லாத வண்டிகள், பாடியேதான் எலும்பு. கதவுக்குக் கீழே ஓடுகிற சில் பெட்டி அரித்தால் அழகு போவதில்லை, பலம் போகிறது. ஹெரால்டுக்குத் தனி சேஸிஸ் உண்டு, அதில் சேஸிஸில் இருந்து பக்கவாட்டில் நீளும் கைகளைத் தட்டிப் பாருங்கள். சில், கால் வைக்கிற தரை, பாட்டரி தட்டு, டிக்கியில் ஸ்டெப்னி வைக்கிற குழி, ஜாக்கி வைக்கிற இடம், கதவின் அடி. இவைதான் முதலில் போகும். கதவிலும் சில்லிலும் தண்ணீர் வடிய ஓட்டைகள் இருக்கும், மண் அடைத்திருக்கும். சைக்கிள் ஸ்போக் கம்பியால் குத்தித் திறந்துவிடுங்கள். காசு செலவில்லாத வேலை, இதைச் செய்யாமல்தான் பாதி வண்டிகள் போகின்றன.

துரு கண்ட இடத்தில் மேலேயே தாரைப் பூசிவிடுகிற வழக்கம் இருக்கிறது, வேண்டாம். உள்ளே ஈரம் அடைபட்டு இன்னும் வேகமாகத் தின்னும். கம்பி பிரஷ் போட்டு வெள்ளைத் தகரம் தெரிகிற வரை சுரண்டி, துரு மாற்றும் ஆசிட் பூசி, கழுவிக் காயவைத்து, எபாக்ஸி பிரைமர், அதற்கு மேல்தான் அடிப்பூச்சு. ரெட் ஆக்சைடு மட்டும் அடித்தால் போதும் என்று பெயிண்டர் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள், அது ஈரத்தை உள்ளே விடும். சில்லுக்குள், கதவுக்குள் மெழுகு ஸ்பிரே செய்யுங்கள். சிலர் கருப்பு ஆயிலையும் (கழற்றிய பழைய எஞ்சின் ஆயில்) டீசலையும் கலந்து அடியில் அடிப்பார்கள். தகரம் கொஞ்ச நாள் துருப்பிடிக்காதுதான், ஆனால் சஸ்பென்ஷன் புஷ்ஷெல்லாம் ஊதிக் கூழாகிவிடும். எண்ணெய்க்கும் ரப்பருக்கும் ஆகாது, இதை ரப்பர் தோட்டம் வைத்திருக்கிற யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

பதினைந்து நாளைக்கு ஒரு தடவை அடியிலும் மட்கார்டுக்குள்ளும் தண்ணீர் பீய்ச்சிக் கழுவுங்கள். நல்ல தண்ணீரில். கடலோரத்தில் பல வீட்டு போர் தண்ணீர் உப்பு, அதில் கழுவுவதும் கடலில் முக்குவதும் ஒன்றுதான். ரேடியேட்டருக்கும் அந்தத் தண்ணீர் வேண்டாம், கூலன்டும் டிஸ்டில்டு வாட்டரும்தான். மழை மாசங்களில் கால் மிதியடியைத் தூக்கிப் பார்த்துக்கொண்டே இருங்கள். அடியில் இருக்கிற ஃபெல்ட் ஒரு வாரம் வரை தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும், மேலே தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கும்.

பிரேக் ஆயிலும் காற்றில் இருந்து ஈரத்தை இழுக்கும். வறண்ட ஊரில் இரண்டு வருஷம் விட்டது போல இங்கே விடாதீர்கள், வருஷத்துக்கு ஒரு தடவை மாற்றுங்கள், வீல் சிலிண்டருக்குள் துரு விழுந்தால் புது சிலிண்டர் தேடி அலைய வேண்டும். ஈர நாளில் ஹேண்ட் பிரேக் போட்டு நாள்கணக்கில் நிறுத்தினால் பிரேக் ஷூ டிரம்மோடு ஒட்டிக்கொள்ளும், கியரில் போட்டு சக்கரத்துக்குக் கல் வையுங்கள். தேங்கிய தண்ணீரைத் தாண்டி வந்தால் கொஞ்ச தூரம் பிரேக்கை லேசாக அழுத்தியபடியே ஓட்டிக் காயவையுங்கள்.

பெட்ரோல். இப்போது பங்க்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. பழைய ரப்பர் ஹோஸும் பம்ப் டயாபிரமும் அதில் ஊறி உப்பி உரியும், எத்தனாலைத் தாங்குகிற ஹோஸாக மாற்றிவிடுங்கள். எத்தனாலும் தண்ணீரை இழுக்கும், இந்த ஊர் ஈரத்தில் ஒரு மாசம் ஓட்டாமல் நிறுத்தினால் டேங்க் அடியில் தண்ணீர் தங்கித் துருப்பிடிக்கும். ஓட்டாத நாளில் நிறைய ஊற்றி வைக்காமல், கொஞ்சமாகப் போட்டு ஓட்டித் தீர்த்துக்கொண்டே இருங்கள். பழைய அம்பாசடருக்கு இன்னொன்று: ஈயம் கலந்த பெட்ரோல் 2000இலேயே நாடு முழுக்க நின்றுவிட்டது, எப்போதாவது ஹெட்டைக் கழற்றினால் எக்ஸாஸ்ட் வால்வ் சீட்டைக் கடினமானதாக மாற்றச் சொல்லுங்கள்.

இனி ஆள் தேடும் கதை. வந்த புதிதில் நான் செய்த தவறு, பெரிய ஒர்க்‌ஷாப்புகளில் போய் "பத்மினி பார்ப்பீங்களா?" என்று கேட்டது. இருக்கிற பையன்கள் நல்ல பையன்கள்தான், கம்ப்யூட்டர் மாட்டிப் பார்க்கப் பழகியவர்கள், கான்டாக்ட் பாயிண்டைக் கையில் எடுத்தே பார்த்ததில்லை. டாக்ஸி ஸ்டாண்டுக்குப் போங்கள். மார்த்தாண்டம், தக்கலை, கன்னியாகுமரி எல்லா இடத்திலும் ஒரு காலத்தில் அம்பாசடர்தான் டாக்ஸி. அங்கே நிற்கிற வயதான டிரைவர் யாரையாவது பார்த்து, ஒரு சாயா வாங்கிக் கொடுத்து, "அண்ணாச்சி, அந்தக் காலத்துல வண்டிய யாருகிட்ட விடுவிய?" என்று கேளுங்கள். மூன்று பேரிடம் கேட்டால் இரண்டு பேர் ஒரே பெயரைச் சொல்வார்கள். அந்த ஆள் பட்டறையை மூடியிருக்கலாம், வீட்டோடு இருக்கலாம். பரவாயில்லை, போய்ப் பாருங்கள். எனக்குக் கிடைத்த ஆசான் அப்படித்தான் கிடைத்தார், வீட்டு முற்றத்தில் டில்லர் எஞ்சின் பார்த்துக்கொண்டிருந்தார்.

முதல் நாளே எஞ்சினைப் பிரிக்கக் கொடுக்காதீர்கள். ஒரு டியூனிங், ஒரு பிரேக் வேலை என்று சின்னதாகக் கொடுத்துப் பக்கத்தில் நின்று பாருங்கள். ஸ்பானரை எடுப்பதற்கு முன்னால் எஞ்சினை ஓடவிட்டுக் காது கொடுத்துக் கேட்கிறாரா? கழற்றிய போல்ட்டை வரிசையாக வைக்கிறாரா? அந்த இரண்டும் போதும். உங்கள் நோட்டைக் கொடுங்கள். என் ஆசான் அதை முழுக்கப் படித்துவிட்டு, கோயம்புத்தூர் மெக்கானிக்கை போனில் கூப்பிட்டு அரை மணி நேரம் பேசினார். ஒருவரை ஒருவர் பார்த்ததே இல்லை. அன்றைக்குத்தான் வண்டி ஊர் மாறி முடித்தது என்று எனக்குத் தோன்றியது.

மெக்கானிக்குக்கு அடுத்து நல்ல லேத் பட்டறை. கிங்பின், புஷ், ஷாஃப்ட் எதுவும் கடையில் கிடைக்காதபோது கடைந்துதான் எடுக்க வேண்டும். படகு எஞ்சின் வேலை பார்க்கிற லேத்துகள் குளச்சல், சின்னமுட்டம் பக்கம் இருக்கின்றன, கடலுக்குள் நின்றுபோகக் கூடாத எஞ்சினுக்குக் கடைந்து பழகிய கை, அளவு பிசகாது. மாதிரியைக் கையில் கொண்டுபோங்கள், வாயால் விளக்காதீர்கள். டிங்கர், பெயிண்டர், குஷன் கடை, ரேடியேட்டர் கடை எல்லாம் நாகர்கோவிலிலேயே கிடைக்கும். பேரிங், சீல், பெல்ட் நம்பர் இருந்தால் எங்கும் வாங்கலாம், நோட்டு இங்கேயும் உதவும். பாடி பாகங்கள், கண்ணாடி, டிரிம் இதற்கெல்லாம் சென்னை புதுப்பேட்டை, ஜி.பி. ரோடு, இல்லையென்றால் கொல்கத்தாவில் மல்லிக் பஜார். அம்பாசடர் அங்கே உத்தரபாராவில் 2014 வரை தயாரான வண்டி, அதனால் அந்தப் பக்கம் இன்னும் சாமான் இருக்கிறது. பத்மினி தயாரிப்பு நின்று இருபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது, கிடைக்கும்போதே இரண்டாக வாங்கி வையுங்கள்.

ஓட்டாமல் நிறுத்தி வைப்பதுதான் வண்டிக்குப் பெரிய கெடுதல், வாரம் ஒரு தடவையாவது சூடாகிற அளவுக்கு ஓட்டுங்கள். தேசிய நெடுஞ்சாலையில் பகலில் களியக்காவிளை பக்கம் போகாதீர்கள், வளைவும் பஸ்ஸும் நெரிசலும், கிளட்ச் தேய்ந்துவிடும். கார்த்திகையில் இருந்து தை வரை கன்னியாகுமரி பக்கமும் வேண்டாம், ஐயப்ப பக்தர்களின் வண்டிகளால் ஊர் நிறைந்திருக்கும். ஞாயிறு காலை ஆறு மணிக்கு முன்னால் தக்கலை, பத்மநாபபுரம், குலசேகரம் வழியாகப் பேச்சிப்பாறை அணைக்குப் போங்கள். ஏற்றம் மெதுவாகத்தான் வரும், ரப்பர் மர நிழலில் எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடாகாது. திரும்பும்போது மாத்தூர் தொட்டிப்பாலம். முட்டம் கடற்கரைச் சாலை அழகுதான், அதில் போனால் அன்றைக்கே அடியைக் கழுவிவிடுங்கள்.

குலசேகரத்தில் சாயா குடிக்க நிறுத்தினால் யாராவது ஒருவர் வண்டியைச் சுற்றி வந்து, அப்பா வைத்திருந்தது, மாமா ஓட்டியது என்று பேச ஆரம்பிப்பார்கள். அவசரப்படாமல் கேளுங்கள். அப்படி ஒருவர் சொல்லித்தான் அருமனைப் பக்கம் ஒரு வீட்டின் பின்னால் விறகுக்கு நடுவே பத்து வருஷமாகக் கிடந்த ஒரு பத்மினியைப் போய்ப் பார்த்தேன். தரையெல்லாம் போயிருந்தது. ஆனால் முன் கதவின் சின்ன முக்கோணக் கண்ணாடி இரண்டும் கீறல் இல்லாமல் இருந்தன, நான் இரண்டு வருஷமாகத் தேடியது. அந்த வீட்டு அம்மா காசு வாங்கவில்லை, வண்டியைக் கொண்டுவந்து ஒரு தடவை காட்டு மக்ளே என்றார்கள், அடுத்த ஞாயிறே கொண்டுபோய் ஒரு சுற்று ஏற்றிக்கொண்டு வந்தேன். அந்த மாதிரிக் கிடக்கிற வண்டிகளின் இடத்தை நோட்டின் கடைசிப் பக்கங்களில் எழுதி வையுங்கள், என்ன மாடல், எது நன்றாக இருக்கிறது, யாரைக் கேட்க வேண்டும் என்பதோடு. என்னிடம் இப்போது ஏழு இருக்கின்றன.